தன்னறிதலின் குறும்படங்கள்: உலகத் திரையிலும் தமிழ்த் திரையிலும் பால்புதுமையர் இளமை

தன் ஈர்ப்போ பாலின உணர்வோ வீடும் ஊரும் எதிர்பார்ப்பதிலிருந்து வேறுபட்டது என்பதை ஒருவர் முதன்முதலாக உணரும் காலத்தைப் பேசும் படங்கள், பால்புதுமையர் இளமைப் படங்கள் எனப்படுகின்றன. இவ்வகையில் உலக அளவில் மிகுதியாக எடுக்கப்படுபவை குறும்படங்களே. குறைந்த செலவு, தணிக்கைக்கு வெளியே திரையிடும் வாய்ப்பு, ஒரே ஒரு கணத்தைச் சொல்வதற்குப் பொருத்தமான அளவு ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள். அமெரிக்கா, பிரான்சு, பிரேசில் ஆகிய நாடுகளில் உருவான சில படங்கள் இவ்வகையின் இலக்கணத்தை வகுத்தன. இந்தியாவில் 1996-க்குப் பின்னும், சென்னையில் குறிப்பாக 2013-க்குப் பின்னும் இப்படங்களுக்கென ஒரு பார்வையாளர் வட்டம் உருவானது. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், தமிழ்ச் சூழலில் இத்தகைய கதைகள் எடுத்துக்கொண்ட வடிவங்களையும் விவரிக்கிறது.

சொற்கள்

ஆங்கிலத்தில் குவியர் என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் பால்புதுமையர் என்ற சொல் புழக்கத்தில் உள்ளது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் பெண்களும், இருபாலீர்ப்பு கொண்டோரும், திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநரும், ஊடுபால் உடலமைப்பு உடையோரும் இச்சொல்லின் பரந்த பொருளில் அடங்குவர். இவற்றுள் திருநங்கை என்ற சொல் 2000-களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசின் வழக்கில் இடம்பெற்று, இழிசொற்களை ஓரளவு விலக்கியது. ஈர்ப்பு சார்ந்த சொற்கள் பொதுவழக்குக்கு வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. தன்னைச் சுட்ட ஒரு நல்ல சொல் இல்லாத மொழியில் வளரும் இளைஞருக்குத் தன்னறிதல் இருமடங்கு கடினம். இத்தகைய படங்கள் பலவற்றில் உரையாடல் மிகக் குறைவாக இருப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

உலகத் திரையில் தொடக்கம்

தன்பாலீர்ப்பை நேரடியாகக் காட்டிய தொடக்ககாலக் குறும்படங்களில் அமெரிக்கரான கென்னத் ஆங்கர் 1947-ல் எடுத்த ‘ஃபயர்வர்க்ஸ்’ முதன்மையானது. பெற்றோர் ஊரில் இல்லாத ஒரு வார இறுதியில் தம் வீட்டிலேயே அதை எடுத்ததாக ஆங்கர் கூறியிருக்கிறார். ஓர் இளைஞனின் கனவாக அமைந்த அப்படம் ஆபாச வழக்கைச் சந்தித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனே 1950-ல் எடுத்த ஒரே படமான ‘அன் ஷான் தமூர்’ உரையாடலே இல்லாதது. சிறைச் சுவரின் இருபுறமும் இருக்கும் இரு கைதிகளின் ஏக்கத்தை அது காட்டியது. அதுவும் நீண்ட காலம் தடைகளுக்கு உள்ளானது. இவ்விரு படங்களும் பள்ளிப் பருவத்தைப் பற்றியவை அல்ல. ஆனால் சொல்ல முடியாததைப் பார்வையாலும் கைகளாலும் பொருள்களாலும் சொல்லும் முறையைப் பின்வந்தோருக்குக் கற்றுக்கொடுத்தன.

இளமைக் கதையாக உலகின் கவனத்தை ஈர்த்த படம் பெக்கி ராய்ஸ்கி இயக்கிய ‘ட்ரெவர்’ (1994). பாடகி டயானா ராஸை வழிபடும் 13 வயதுச் சிறுவனின் நாட்குறிப்பாக விரியும் படம் அது. வகுப்புத் தோழன் மீது அவனுக்கு ஏற்படும் ஈர்ப்பு வெளியே தெரிந்ததும் நண்பர்கள் விலகுகின்றனர். பெற்றோர் பாதிரியாரை அழைக்கின்றனர். சிறுவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறான். இவ்வளவும் நகைச்சுவை கலந்தே சொல்லப்படுகிறது. படம் நம்பிக்கையோடு முடிகிறது. 1995-ல் சிறந்த குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதை அது மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. 1998-ல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்தபோது, படத்தைப் பார்க்கும் இளைஞர் யாரேனும் இதே நிலையில் இருந்தால் எந்த எண்ணை அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கென ஒரு தொலைபேசிச் சேவை இல்லை என்று அறிந்த படக்குழுவினர் தாங்களே ஒன்றைத் தொடங்கினர். ‘ட்ரெவர் ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் அச்சேவை இன்றும் இயங்குகிறது. ஒரு குறும்படத்திலிருந்து ஒரு நிறுவனம் பிறந்ததற்கு இது அரிய சான்று.

டீ ரீஸ் 2007-ல் எடுத்த ‘பரையா’ என்ற குறும்படம் நியூயார்க் நகரில் வாழும் பதின்வயதுக் கறுப்பினப் பெண்ணின் கதை. 2011-ல் இதையே அவர் முழுநீளப் படமாக்கினார். வெளியே தனக்குப் பிடித்த உடையும், வீட்டுக்குள் தாய் விரும்பும் உடையுமாக அப்பெண் இரு வாழ்க்கை வாழ்கிறாள். படத்தின் தலைப்பு தமிழ் வாசகர் நின்று கவனிக்க வேண்டியது. ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலம் ஆளும் அச்சொல், ‘பறையர்’ என்ற தமிழ்ச் சாதிப் பெயரிலிருந்து காலனிய காலத்தில் அம்மொழிக்குச் சென்றது.

பிரேசில் இயக்குநர் டேனியல் ரிபெய்ரோவின் 17 நிமிடப் படம் (2010) வேறொரு வழியைக் காட்டியது. அதன் நாயகன் லியோனார்டோ பார்வையற்ற பள்ளி மாணவன். வகுப்புக்குப் புதிதாக வந்த மாணவன் மீது அவனுக்கு அன்பு பிறக்கிறது. முகத்தைப் பார்த்து மயங்குவது என்ற திரைப்பட வழக்கத்தை இப்படம் நீக்கிவிட்டு, குரல், மணம், தோளில் பட்ட கை ஆகியவற்றால் காதலைச் சொல்கிறது. இதில் தண்டனை இல்லை, மரணம் இல்லை. இதன் முழுநீள வடிவம் 2014-ல் பெர்லின் படவிழாவில் டெடி விருது பெற்றது.

எஸ்தெபான் பிராவோ, பெத் டேவிட் என்ற இரு மாணவர்கள் அமெரிக்காவின் ரிங்லிங் கலைக் கல்லூரியில் தங்கள் இறுதியாண்டுத் திட்டமாக உருவாக்கிய ‘இன் எ ஹார்ட்பீட்’ (2017) நான்கு நிமிட அசைவூட்டப் படம். கூச்சம் மிகுந்த சிறுவனின் இதயம் மார்பிலிருந்து தாவி, அவன் விரும்பும் மாணவனைத் துரத்துகிறது. படத்தில் ஒரு வசனமும் இல்லை. யூடியூபில் வெளியானதும் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். மொழிபெயர்ப்போ துணைத்தலைப்போ தேவைப்படாததால், எந்த நாட்டுச் சிறுவரும் கைப்பேசியில் தனியே பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய படமாக அது அமைந்தது.

விழாக்களின் பங்கு

இத்தகைய படங்கள் வணிகத் திரையரங்குகளுக்கு அரிதாகவே வருகின்றன. அவற்றுக்கு உயிர் கொடுத்தவை படவிழாக்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1977-ல் தொடங்கிய ‘ஃபிரேம்லைன்’ விழா இவற்றுள் மூத்தது. பெர்லின் படவிழா 1987 முதல் டெடி விருதை வழங்கிவருகிறது. முதல் ஆண்டிலேயே குறும்படங்கள் அவ்விருதைப் பெற்றன. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 2007-ல் ஏற்படுத்தப்பட்ட ‘ஐரிஸ்’ பரிசு குறும்படங்களுக்கென்றே உரியது. பரிசுத் தொகையைக் கொண்டு அடுத்த படத்தை எடுக்க வேண்டும் என்பது அதன் சிறப்பு. பிரிட்டிஷ் கவுன்சில் 2015 முதல் ஆண்டுதோறும் ஐந்து குறும்படங்களை உலகெங்கும் இணையத்தில் இலவசமாகக் காட்டும் திட்டத்தை நடத்திவருகிறது. தன்பாலீர்ப்பு குற்றமாக இருக்கும் நாடுகளிலும் பார்க்க முடிவதே இத்திட்டத்தின் நோக்கம்.

இந்தியாவில்

1860-ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, தன்பாலுறவைக் குற்றமாக்கியது. இதன் நிழலில்தான் இந்தியப் படங்கள் உருவாயின. ரியாத் வாடியா 1996-ல் எடுத்த 12 நிமிடப் படமான ‘பாம்கே’, கவிஞர் ஆர். ராஜ் ராவின் கவிதைகளை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவில் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய முதல் படமாக அது பொதுவாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ வெளிநாட்டு விழாக்களில் காட்டப்பட்டது. 1998-ல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது மும்பையிலும் தில்லியிலும் அரங்குகள் தாக்கப்பட்டன.

ஸ்ரீதர் ரங்கயனின் ‘குலாபி ஆய்னா’ (2003) ஏறத்தாழ 40 நிமிடப் படம். அதில் வரும் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவர் தன்பாலீர்ப்பு கொண்ட பதின்பருவத்தினர். தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. ஆனாலும் பல நாடுகளின் விழாக்களில் அது திரையிடப்பட்டது. திரையரங்கில் காட்ட 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். படவிழாக்களுக்கு அரசு தனி விலக்கு அளிக்கலாம். இணையத்தில் வெளியிடும் குறும்படத்துக்கு இச்சான்றிதழ் தேவைப்படவில்லை. பால்புதுமையர் கதைகள் குறும்படத்தையும் விழாவையும் இணையத்தையும் நாடிச் சென்றதற்கு இந்தச் சட்ட அமைப்பு ஒரு முக்கியக் காரணம். 2010-ல் மும்பையில் தொடங்கிய ‘கஷிஷ்’ விழா இப்படங்களுக்கு நிலையான மேடையானது. ஃபராஸ் ஆரிஃப் அன்சாரியின் ‘சிசக்’ (2017) மும்பை மின்தொடர் வண்டியில் சந்திக்கும் இரு ஆண்களின் ஈர்ப்பை ஒரு சொல்லும் பேசாமல் காட்டியது.

மலையாளத்தில் லிஜி ஜே. புல்லப்பள்ளியின் ‘சஞ்சாரம்’ (2004) முழுநீளப் படமாயினும் இங்குக் குறிப்பிடத்தக்கது. கேரளத்தில் காதலித்த பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகளின் பின்னணியில் எழுந்த அப்படம், ஒரு கிராமத்தில் சேர்ந்து வளரும் இரு பெண்களின் இளமையைச் சொல்கிறது. சாவில் முடிந்திருக்கக்கூடிய கதையை வாழ்வின் பக்கம் திருப்பியதே அதன் முதன்மை.

தமிழ்த் திரையில் முன்பிருந்த நிலை

தமிழ் வணிகப் படங்களில் திருநங்கையர் நெடுங்காலம் கேலிக்குரியவர்களாகவோ கொடியவர்களாகவோ காட்டப்பட்டனர். ‘அப்பு’ (2000) படத்தின் எதிர்நாயகப் பாத்திரம் இதற்கு எடுத்துக்காட்டு. ‘பம்பாய்’ (1995) படத்தில் கலவரத்தில் சிக்கிய குழந்தையைக் காப்பாற்றும் பாத்திரம் போன்ற விதிவிலக்குகள் சிலவே. 2015-ல் வெளியான ‘ஐ’ படத்தில் திருநங்கைப் பாத்திரம் இழிவுபடுத்தப்பட்டதாகக் கூறித் திருநங்கையர் சென்னையில் போராடினர்.

இச்சூழலில் சந்தோஷ் சிவனின் ‘நவரசா’ (2005) தனித்து நிற்கிறது. 13 வயதுச் சிறுமி சுவேதா பூப்பெய்துகிறாள். அதே வேளையில், தன்னை ஒரு பெண்ணாக உணரும் தன் சித்தப்பாவின் மறைவாழ்க்கையைக் கண்டுபிடிக்கிறாள். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குச் செல்லும் அவரைத் தேடி அவளும் செல்கிறாள். சிறுமிக்கு வீடு நடத்தும் பூப்பு நீராட்டுச் சடங்கையும், சித்தப்பா தானே தேடிச் சென்று தாலி ஏற்கும் கூவாகச் சடங்கையும் படம் அருகருகே வைக்கிறது. பெண்ணின் பருவமடைதலை ஊரறியக் கொண்டாடும் தமிழ்ச் சமூகத்தில், வேறு வகையில் பருவமடைவோர்க்குச் சடங்கும் இல்லை, சொல்லும் இல்லை என்பதை இந்த இணைப்பு உணர்த்துகிறது. திருநங்கையர் சமூகம் இதனாலேயே தனக்கெனத் தாய்–மகள் உறவுமுறையையும், அறுவைக்குப் பின் நாற்பதாம் நாளில் நடத்தும் சடங்கையும் வளர்த்துக்கொண்டது. அஞ்சலி மான்டிரோ, கே. பி. ஜெயசங்கர் இருவரும் எடுத்த ‘அவர் ஃபேமிலி’ (2007) என்ற ஆவணப்படம் தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைத் திருநங்கையரின் இத்தகைய குடும்பத்தைப் பதிவுசெய்கிறது.

தன்வரலாறுகளும் திரைக்கு வழிவகுத்தன. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ என்ற தமிழ் நூலை அடிப்படையாகக் கொண்டு பி. எஸ். லிங்கதேவரு கன்னடத்தில் எடுத்த படத்துக்காக, நடிகர் சஞ்சாரி விஜய் 2014-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றார். ஒரு தமிழ்த் திருநங்கையின் இளமைக் கதை முழுநீளப் படமானது தமிழில் அன்றிக் கன்னடத்தில் என்பது அக்காலத் தமிழ்த் திரையுலகின் தயக்கத்தைக் காட்டுகிறது.

சென்னையில் படவிழா

சென்னையில் 2003-ல் நண்பர்கள் சிலரின் கூடுகையாகத் தொடங்கிய குழு, பின்னர் ஓரினம் என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் இணையதளம் நடத்தும் தன்னார்வ அமைப்பாக வளர்ந்தது. சென்னையின் முதல் வானவில் பேரணி 2009 சூன் மாதம் நடைபெற்றது. அடுத்த சில நாட்களில், சூலை 2 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் 377-ஆம் பிரிவின் வீச்சைக் குறைத்துத் தீர்ப்பளித்தது.

இப்பின்னணியில் ஓரினமும் பிற அமைப்புகளும் இணைந்து ‘ரீல் டிசையர்ஸ்’ என்ற சென்னைப் பன்னாட்டுப் பால்புதுமையர் படவிழாவை 2013-ல் தொடங்கின. செருமானியப் பண்பாட்டு மையமான கெதே நிறுவனத்தின் துணை இவ்விழாவுக்குக் கிடைத்தது. நுங்கம்பாக்கத்தில் உள்ள அதன் அரங்கில் பல விழாக்கள் நடந்துள்ளன. பல நாடுகளின் குறும்படங்கள், ஆவணப்படங்கள், முழுநீளப் படங்கள் ஆகியவற்றோடு இந்திய மொழிப் படங்களும் திரையிடப்பட்டன. முதல் விழா நடந்த அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தீர்ப்பை நீக்கி, 377-ஆம் பிரிவுக்கு மீண்டும் முழு வலிமை அளித்தது. எனவே அடுத்த விழாக்களுக்கு வந்தவர்கள், திரையில் கண்ட காதல் சட்டப்படி மீண்டும் குற்றமாகிவிட்ட நகரில் அமர்ந்து படம் பார்த்தனர்.

இத்தகைய விழாவில் படம் பார்ப்பது மட்டுமே நிகழ்வதில்லை. தன்னைப் போன்ற வேறொருவரை இருளான அரங்கில் பக்கத்து இருக்கையில் காண்பது பலருக்கு முதல் அனுபவம். பெற்றோரை அழைத்துவந்து படத்தின் வழியே பேச்சைத் தொடங்கவும் வழியுண்டு. 2018-ல் குவியர் சென்னை க்ரானிக்கிள்ஸ் அமைப்பு தொடங்கிய இலக்கிய விழா இதே பணியை எழுத்துத் துறையில் செய்தது.

ஆயினும் நகர அரங்குக்கு எல்லை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள கோவளத்திலிருந்தோ, கேளம்பாக்கம், தாம்பரம் பகுதிகளிலிருந்தோ ஒரு பள்ளி மாணவர் வீட்டில் காரணம் சொல்லாமல் நுங்கம்பாக்கம் சென்று திரும்புவது எளிதன்று. பேருந்துக் கட்டணத்தைவிட, எங்கே போனாய் என்ற கேள்விக்குச் சொல்லும் விடையே பெரிய தடை. ஆங்கிலத் துணைத்தலைப்பு இன்னொரு தடை. அத்தகையோருக்கு இப்படங்கள் கைப்பேசியின் சிறு திரையில், காதொலிக் கருவியோடு, தனிமையில்தான் வந்து சேர்கின்றன.

தமிழ்ப் படைப்புகள்

தமிழில் இக்கதைகளைப் பேசிய சிறு படங்களில் ஆவணப்படங்கள் முன்னணியில் உள்ளன. லீனா மணிமேகலையின் ‘இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்’ (2017) சென்னையில் வாடகை வீடு தேடும் இரு திருநங்கைக் கலைஞரைப் பின்தொடர்கிறது. தன்னை அறிந்துகொண்ட பிறகும் தங்க ஓரிடம் வேண்டும் என்ற எளிய உண்மையை அது முன்வைக்கிறது. மாலினி ஜீவரத்தினத்தின் ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்’ தன்பாலீர்ப்புப் பெண்களைப் பற்றிய தமிழ் ஆவணப்படம், பா. இரஞ்சித்தின் நீலம் நிறுவனம் அதைத் தயாரித்தது. பெண்களின் காதலும், குடும்ப நெருக்கடியால் நிகழும் தற்கொலைகளும் அதில் பேசப்படுகின்றன. திருநங்கைக் கலைஞரான கல்கி சுப்பிரமணியம் நிறுவிய சகோதரி அமைப்பு, திருநங்கையர் தாமே காணொலி எடுக்கப் பயிற்சி அளித்தது. படம் எடுக்கப்படுபவர் படம் எடுப்பவராக மாறியது இங்குக் கவனிக்கத்தக்க திருப்பம்.

கதைப்படங்களில் லோகேஷ் குமாரின் ‘என் மகன் மகிழ்வன்’ (2017) தாய்க்கும் தன்பாலீர்ப்பு கொண்ட மகனுக்கும் இடையிலான உறவை மையமாகக் கொண்டது. சொர்ணவேல் ஈஸ்வரனின் ‘கட்டுமரம்’ (2019) ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மீனவ ஊர் ஒன்றில் நிகழ்கிறது. பெற்றோரை இழந்த பெண்ணுக்குத் திருமணம் முடிக்க அலையும் மாமனாக மிஷ்கின் நடித்தார். ஆசிரியையான அப்பெண்ணோ ஊருக்கு வந்த மற்றொரு பெண்ணை விரும்புகிறாள். நகரத்து இளைஞருக்கே உரியதாகக் கருதப்பட்ட கதை, கோவளம் போன்ற கடலோர ஊர்களின் மணலுக்கும் படகுக்கும் இடையே வைக்கப்பட்டதே இப்படத்தின் பங்களிப்பு.

பரவலான தமிழ்ப் பார்வையாளரை அடைந்த குறும்படம், 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’. கொங்குப் பகுதிச் சிற்றூரில் 1981-ல் நிகழும் கதை இது. காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தார் தன்னைப் பெண்ணாக உணர்பவர். தான் விரும்பும் நண்பனும் தன் தங்கையும் காதலிப்பதை அறிந்து, அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்த்த பணத்தை அவர்கள் ஊரைவிட்டுச் செல்லக் கொடுத்துவிடுகிறார். பின்னர் ஊராரின் வன்முறைக்குப் பலியாகிறார். கதை உருக்கமானது என்று பாராட்டப்பட்டாலும், திருநர் பாத்திரத்தைத் திருநர் அல்லாதவர் நடிப்பது, பிறர் காதலுக்காக உயிர்விடும் தியாகியாகத் திருநங்கையைக் காட்டுவது ஆகியவை குறித்து விவாதம் எழ இப்படமும் இடமளிக்கிறது. 2021-ல் கோவிந்த் வசந்தாவின் இசையில் வெளியான ‘மகிழினி’ பாடல் காணொலி, இரு இளம் பெண்களின் காதலைச் சில நிமிடங்களில், வீட்டாரின் ஏற்பு நோக்கி நகரும் கதையாகக் காட்டியது.

ஈழத்தமிழரும் புலம்பெயர்ந்தோரும்

தமிழ்ச் சிறுவனின் தன்னறிதலைச் சொல்லும் மிகப் புகழ்பெற்ற படைப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) நாவலின் நாயகன் அர்ஜி, கொழும்பில் பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளுடன் சேலை கட்டி மணப்பெண் விளையாட்டு ஆடுபவன். ஆண்பிள்ளைகள் கூட்டத்துக்குத் துரத்தப்படும்போது அவன் முதல் நாடுகடத்தலை அனுபவிக்கிறான். 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு நாட்டைவிட்டே செல்லும்போது அடுத்த நாடுகடத்தல் நிகழ்கிறது. தீபா மேத்தா 2020-ல் இதைப் படமாக்கினார். முதன்மைப் பாத்திரங்களில் தமிழர் போதிய அளவு இல்லாததும் தமிழ் உச்சரிப்பும் புலம்பெயர்ந்த தமிழரிடையே, குறிப்பாகத் தமிழ்ப் பால்புதுமையரிடையே, கடும் விமர்சனம் பெற்றன. தங்கள் கதை தங்கள் நாவில் ஒலிக்க வேண்டும் என்ற கோரிக்கையே அதன் சாரம்.

வி. டி. நயனியின் ‘திஸ் பிளேஸ்’ (2022) கனடாவில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த பெண்ணுக்கும், மொஹாக் பழங்குடித் தாய்க்கும் ஈரானியத் தந்தைக்கும் பிறந்த பெண்ணுக்கும் இடையிலான காதலைப் பேசுகிறது. இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் காலனியச் சட்டத்தை நீக்கும் முன்வரைவு அரசியலமைப்புக்கு முரணானதன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-ல் கூறியது.

கதைசொல்லலின் பொதுக் கூறுகள்

பல நாடுகளின் குறும்படங்களை ஒப்பிடும்போது சில பொதுக் கூறுகள் தெரிகின்றன.

முதலாவது, பார்வை. ஒருவர் மற்றொருவரைத் தேவைக்கு அதிகமாக ஒரு நொடி பார்ப்பதும், பிடிபட்டதும் கண்ணைத் திருப்புவதும் கதையின் தொடக்கமாகின்றன. இரண்டாவது, உடையும் கண்ணாடியும். அக்காளின் தாவணியை எடுத்து அணிந்து பார்ப்பது, தலைமுடியை வெட்டிக்கொள்வது போன்ற செயல்கள் திருநர் கதைகளில் தன்னறிதலின் முதல் படி. மூன்றாவது, இடம். பள்ளிக் கழிவறை, மாடி, பேருந்து, கடற்கரை என்று வீட்டாரின் கண்படாத இடங்களே இக்கதைகளின் களங்கள். நான்காவது, முடிவின்மை. ஒரு குறும்படம் பெரும்பாலும் அடுத்து என்ன என்று சொல்வதில்லை. கதவு திறக்கும் வேளையில் முடிந்துவிடுகிறது.

மேலைநாட்டுப் படங்களுக்கும் தமிழ்ப் படங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடும் உண்டு. அங்குக் கதையின் உச்சம், நாயகர் தன்னைப் பற்றி வாய்விட்டு அறிவிக்கும் கணம். இங்கு உச்சத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் பெண்பார்க்கும் படலமோ, கல்யாணப் பேச்சோ, உறவினர் கூட்டமோ ஆகும். தமிழ்க் கதைகளில் ‘நான் யார்’ என்ற கேள்வியோடு ‘அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. ஆகவே தாய் ஒரு துணைப்பாத்திரமாக நிற்காமல் இரண்டாவது நாயகராகிவிடுகிறார். பிள்ளைக்கு இணையாக அவரும் தன்னை அறிய வேண்டியிருக்கிறது.

விமர்சனங்கள்

இவ்வகைப் படங்கள் மீது மூன்று விமர்சனங்கள் தொடர்ந்து வைக்கப்படுகின்றன. முதலாவது, சாவில் முடியும் கதைகள் மிகுதி என்பது. அவை அனுதாபத்தைத் தருகின்றன. ஆனால் அதே நிலையில் இருக்கும் இளைஞருக்குத் தன் எதிர்காலம் இதுதான் என்ற எண்ணத்தையும் தரக்கூடும். இரண்டாவது, இந்தியப் படங்கள் பலவற்றில் நாயகர்கள் ஆங்கிலம் பேசும் நகர நடுத்தர வர்க்கத்தினர், சாதி பேசப்படுவதில்லை. பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) ஒரு நாடகக் குழுவின் கதையில் சாதி கடந்த காதலையும் பால்புதுமையர் காதலையும் ஒன்றாக வைத்து இக்குறையை எதிர்கொண்டது. மூன்றாவது, திருநம்பியரும் ஊடுபால் உடையோரும் இருபாலீர்ப்பு கொண்டோரும் திரையில் இன்னும் அரிதாகவே தோன்றுகின்றனர்.

சட்ட மாற்றங்களும் இன்றைய நிலையும்

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே வரையறுக்கும் திருநரின் உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று ஒப்புதலுடன் கூடிய வயதுவந்தோர் தன்பாலுறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க மறுத்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்கு ஒன்று இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள் குடும்பத்தாரிடமிருந்து பாதுகாப்புக் கோரினர். 2021-ல் அவ்வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட பின்னரே சூன் 7 அன்று விரிவான ஆணையைப் பிறப்பித்தார். ஈர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளை அவ்வாணை தடைசெய்யச் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் பால்புதுமையரைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் மற்றொரு அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியன்று என்று கூறி, தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்ற கருத்தை ஏற்றது.

மதிப்பீடு

சட்டம் மாறிய வேகத்தில் வீடுகள் மாறுவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்காத பெற்றோர் பத்து நிமிடப் படம் ஒன்றைப் பார்க்கக்கூடும். சொல் கிடைக்காத சிறுவர் ஒருவர் அதே படத்தில் தன்னைக் காணக்கூடும். ‘ட்ரெவர்’ படத்தை எடுத்தவர்கள் எழுப்பிய கேள்வி, படம் முடிந்ததும் அந்தச் சிறுவர் யாரிடம் பேசுவார் என்பது. தமிழ்நாட்டில் அதற்கான விடையைத் தன்னார்வக் குழுக்களும், ஆலோசனை மையங்களும், சில ஆசிரியர்களும், சில தாய்மாரும் இதுவரை தந்துவருகின்றனர். இக்குறும்படங்களின் வரலாற்று முதன்மை, அவை பெற்ற விருதுகளைக் காட்டிலும், வீட்டுக்குள் தொடங்கிவைத்த பேச்சுகளில் தங்கியுள்ளது. தமிழிலேயே பேசி, தமிழ் ஊர்களிலேயே நிகழ்ந்து, உயிரோடு முடியும் கதைகள் பெருகும்போது அப்பேச்சு கோவளம் போன்ற ஊர்களின் வீடுகளுக்கும் எளிதாகச் சென்றுசேரும்.